ஆறு கிலோ பொய்

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டமொன்றை நிர்வகித்து முப்பது வருஷங்களைக் கழித்தவன் என்ற முறையில், உயரமான இடத்தின் விளிம்பில் நின்று கீழே பார்ப்பது எனக்குப் புதிய விஷயமல்ல. ஏற்காட்டில் ‘லேடீஸ் ஸீட்’ என்று வழங்கும் பாறையோரத்தில் உட்கார்ந்து, கீழே சமவெளியில் சேலத்து விளக்குகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஏற்றப்பட்டுப் பிறகு ஒரே ஜோதியாகிவிடுவதை எத்தனையோ அந்திப் பொழுதுகளில் நான் பார்த்திருக்கிறேன். அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதெல்லாம், இந்த இடத்திலிருந்து ஓர் எட்டு எடுத்து வைத்தால் காலுக்கடியில் காற்று கெட்டிப்பட்டு நம்மைத் தாங்கிக்கொள்ளாதா என்றொரு அசட்டு எண்ணம் தோன்றுவதும், உடனே வெட்கப்பட்டு நான் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவதும் வழக்கம். இதை நான் யாரிடமும், என் மனைவியிடங்கூட, சொன்னதில்லை.

1997-ம் வருஷம் ஜூலை மாதத்தில், பிரேஸில் தேசத்து மீனாஸ் ஜெராய்ஸ் மாகாணத்தின் காப்பித் தோட்டங்களைப் பார்த்துவர முதலாளி என்னை அனுப்பினார். துணைக்கு எங்கள் அலுவலகத்து இளைஞர் ஒருவரும் வந்தார். நிழல் மரம் என்பதே இல்லாமல், சுள்ளென்று அடிக்கிற வெயிலில், குன்றுக்குமேல் குன்றாகக் காப்பிச் செடி ஒன்றையே நட்டுவைத்திருக்கும் அந்த விவசாயத்தைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் உண்டாகவில்லை. அதை முதலாளியிடம் எழுத்து மூலமாகவே தெரிவித்துவிட்டேன், இங்கே விஸ்தரிக்க வேண்டியதில்லை. வேலை முடிந்து விமானம் ஏறுவதற்கு முன்னால் ரியோ டி ஜனைரோவில் மூன்று நாள் ஓய்வு கிடைத்தது. முதல் நாள் கோர்கோவாடோ சிகரத்தின்மேல் கைவிரித்து நிற்கும் கிறிஸ்துவைத் தரிசித்தோம். இரண்டாம் நாள் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது, தலைக்கு நேர்மேலே, மஞ்சளும் சிவப்புமாக ஒரு பெரிய முக்கோணம், சத்தமே இல்லாமல், தாழ்ந்து தாழ்ந்து வந்து எங்களுக்கு ஐம்பதடி தள்ளி மணலில் இறங்கிற்று. அதன் அடியிலிருந்து இரண்டு மனிதர்கள் எழுந்து நின்று ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவருக்கு என்னைவிட வயது அதிகமாக இருக்கும். தலை முழுவதும் நரை. எனக்கு அப்போது ஐம்பத்தாறு.

“ஸார், உங்கள் முகம் போகிற போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவிடம் நான் என்ன பதில் சொல்லுவேன்?” என்றார் இளைஞர்.

அந்த யந்திரத்துக்கு, யந்திரம் என்று சொல்லலாமானால், நம் ஊர்ப் பத்திரிகைகள் ‘ஹாங் கிளைடர்’ என்று பெயர் எழுதுகின்றன. பிரேஸில்காரர்கள் ‘ஆஸா டெல்டா’ என்கிறார்கள். ஆஸா என்றால் சிறகு. பழக்கமில்லாதவனைப் பைலட் தம் பக்கத்தில் தொங்கவிட்டு அழைத்துப்போவதற்கு ‘வோ டூப்லு’, இரட்டைப் பறப்பு, என்று பெயர். ஸாவோ கொன்ராடோ என்னும் அந்தக் கடற்கரையின் மேற்குக் கோடியில், வெள்ளரிக்காயின் பெயரை ஏனோ வைத்துக்கொண்டிருக்கும் பெபீனோ மணலின் ஓரமாக, இதற்கென்று கொட்டகைகள் இருந்தன. அங்கே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் என் பெயரையும் வயதையும் கேட்டு எழுதிக்கொண்டு, எடை எவ்வளவு என்று கேட்டாள்.

“அறுபத்தெட்டு” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு இன்றுவரை எனக்கு நியாயமான காரணம் கிடைக்கவில்லை. புறப்படுவதற்கு முதல் வாரம் தோட்டத்துக் கிடங்கில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்று பார்த்தவன் நான். முள் எழுபத்துநாலில் நின்றது. பறித்த பழத்தை நிறுக்கும்போது அரைக் கிலோ கூடக் குறைய எழுதினால் மேஸ்திரியை மேலும் கீழும் பார்க்கிற நான், முன்பின் தெரியாத ஒரு பெண்மணியின் முன்னால், தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டு, ஆறு கிலோவை ஒரே மூச்சில் விழுங்கிவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்க்காமலே எழுதிக்கொண்டாள். பிறகு போர்த்துக்கீசிய பாஷையில் நெருக்கமாக அச்சடித்த ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டாள். அந்தக் காகிதத்தில் எனக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல்: ‘மோர்த்தே’. ஸம்ஸ்கிருதத்தின் மிருத்யுவும் அதுவும் ஒரே குடும்பம் என்று எங்கோ படித்த ஞாபகம். ஆங்கிலம் தெரிந்த இன்னொருவர் வந்து, இந்தக் காரியத்தில் உயிருக்கு அபாயம் உண்டு என்பதை அறிந்தே சம்மதிக்கிறேன் என்று எழுதியிருப்பதாகப் பொருள் சொன்னார். அவர் சொல்லாமலே எனக்குப் புரிந்திருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அதற்குள் காற்று திசை மாறிக் கரையிலிருந்து கடலை நோக்கி அடித்தது. ஆகையால் மறுநாள் வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்த வாடிக்கையாளனைக் காற்றின்பேரில் திருப்பி அனுப்புகிறவர்களிடம் உயிரை ஒப்படைக்கலாம் என்று இளைஞரிடம் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை.

மறுநாள் காலை, கூரையின்மேல் சிறகை நீள மூட்டையாகக் கட்டிவைத்திருந்த ஒரு பழைய காரில் மலை ஏறினோம். பைலட்டுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் கறுத்து, காலில் ரப்பர்ச் செருப்பும் வாயில் ஓயாத பாட்டுமாக இருந்தார். அவருக்கு ஆங்கிலத்தில் பத்து வார்த்தை தெரியும். எனக்குப் போர்த்துக்கீசியத்தில் ஒன்றும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் மூன்று நாளாக ஹோட்டலில் ஓர் ஆச்சரியத்தை அனுபவித்துவந்தேன்: அறைச் சாவியை அவர்கள் ‘ஷாவி’ என்றார்கள், ஜன்னல் ‘ஜனேலா’வாகவும், மேசை ‘மேஸா’வாகவும், அலமாரி ‘அர்மாரியு’வாகவும் இருந்தன, கோயில் வாசலில் நின்ற பாதிரியாரும் ‘பாத்ரி’யே. நானூறு ஐந்நூறு வருஷங்களுக்கு முன்னால் கப்பலேறி நம் கரைக்கு வந்து தங்கிவிட்ட இந்தச் சொற்களைப் பிறந்த வீட்டுப் பேச்சில் கேட்டபோது, நம் தெருப் பையன் ஒருவனை அந்நிய தேசத்துச் சந்தையில் கண்டாற்போல இருந்தது. ஆனால் சாவியையும் ஜன்னலையும் அலமாரியையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் தன் குற்றத்தை எப்படி ஒப்புக்கொள்வது? வளைவுக்கு வளைவு கார் உறுமிக்கொண்டு ஏறும்போதெல்லாம் அந்த ஆறு கிலோ என் அடிவயிற்றில் உருண்டுகொண்டே வந்தது.

இருபுறமும் அடர்ந்த காடு. டிஜுகா வனம் என்று பெயர். இதை இயற்கைக் காடு என்று நினைக்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த மலைகளெல்லாம் மொட்டையடிக்கப்பட்டுக் காப்பித் தோட்டங்களாக இருந்தன. மரம் போனதும் ஊற்று வற்றிற்று; ஊற்று வற்றியதும் கீழே நகரம் தண்ணீருக்குத் தவித்தது. சக்கரவர்த்தி இரண்டாம் பெத்ரூவின் அரசாங்கம் தோட்டங்களை விலைக்கு வாங்கி, 1861-ல் மனுவேல் கோமெஸ் ஆர்ச்சர் என்கிற மேஜரிடம் ஒப்படைத்தது. அவர் ஒரு சில அடிமைகளை வைத்துக்கொண்டு, பதின்மூன்று வருஷங்களில், ஏறக்குறைய ஒரு லட்சம் கன்றுகளை நட்டு இந்த மலையை மறுபடியும் காடாக்கினார். மேஜரின் பெயர் நிலைத்துவிட்டது. குழி தோண்டிய அடிமைகளுக்கு என்ன கிடைத்தது என்று நான் விசாரிக்கப் புகவில்லை, கேட்காமலே தெரிந்த விஷயம். காப்பிக்காரனாகிய எனக்கு, வெட்டிய கையே நட்டுக்கொடுத்த அந்தக் காட்டின் நடுவே போவது கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. அப்போது ஒரு திருப்பத்தில், அடிமரத்திலேயே காய் காய்த்துத் தொங்க, சாட்சாத் நம் பலா மரம் நின்றது. ஒன்றல்ல, தோப்புத் தோப்பாக. “ஜாக்கா!” என்று பைலட் கை காட்டினார். மலையாளத்துச் சக்கைதான், பழத்தோடு பெயரையும் போர்த்துக்கீசியர் எடுத்துப்போயிருக்கிறார்கள். இப்போது அது வேறு மரங்களை வளரவிடாமல் பரவி, வன இலாகாவுக்குத் தலைவலியாக இருக்கிறதாம்.

பெத்ரா பொனீதா என்றால் அழகிய பாறை என்று அர்த்தம். அதன் இடுப்பில், சமுத்திர மட்டத்துக்கு ஏறத்தாழ ஐந்நூறு மீட்டர் உயரத்தில், கடலைப் பார்த்துச் சரிந்தாற்போல மரப் பலகைகளால் ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள். நாலெட்டு ஐந்தெட்டு நீளம் இருக்கும். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டேனே ஒழிய, அங்கே மரங்களின் உச்சியும், அதற்கு அப்பால் வெண்மையான மாளிகைகளும், கோல்ப் மைதானத்தின் பச்சையும், வட்டத் தூணைப்போல ஓங்கி நிற்கும் ஒரு ஹோட்டலும், எல்லாவற்றுக்கும் அப்பால் அட்லாண்டிக் சமுத்திரமும் இருந்தன. ஆனால் பலகை முடிகிற இடத்தைப் பார்த்த கண்ணுக்கு அவையெல்லாம் ஒன்றுமில்லாதவையே.

காற்றுக்காகக் காத்திருந்தோம். கம்பத்தின் உச்சியில் துணியாலான காற்றுப்பை ஒன்று துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அது கடல் பக்கத்திலிருந்து காற்றை வாங்கி, மலையைப் பார்த்து நிமிர வேண்டும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, அங்கே காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வருமென்று பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம், ஒருவனுடைய உயிர் அதில் மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் ருசிகரமாகிறது. அதற்குள் பைலட் சிறகை விரித்துப் பூட்டினார். அலுமினியக் குழாய்களின்மேல் கெட்டியான செயற்கைத் துணி. இழுத்துக் கட்டும் எஃகுக் கம்பிகள். அடியில், கையால் பிடிக்க ஒரு முக்கோணச் சட்டம். யந்திரமில்லை, பெட்ரோல் இல்லை, திருப்புகிற சக்கரமில்லை. பிடித்திருக்கும் குறுக்குத் தண்டிலிருந்து உடலை இடப்பக்கம் நகர்த்தினால் சிறகு இடப்பக்கம் திரும்பும்; தண்டைத் தன் பக்கம் இழுத்தால் மூக்குத் தாழ்ந்து வேகம் கூடும்; தள்ளினால் வேகம் மட்டுப்படும். ஆகவே மனிதனுடைய எடைதான் இதற்குச் சுக்கான். இதை இளைஞர் எனக்கு ஆங்கிலப் பிரசுரம் ஒன்றிலிருந்து வாசித்துச் சொன்னபோது என் தொண்டை வறண்டது.

இந்தச் சிறகுக்கு மூலபுருஷர் பிரான்ஸிஸ் ரொகாலோ என்னும் அமெரிக்க இஞ்சினியர். 1948-ல் அவரும் அவர் மனைவி கெர்ட்ரூடும் வீட்டிலேயே மின்விசிறியை வைத்துக் காற்றுச் சோதனை செய்து, சமையலறைத் திரைச்சீலையைக் கத்தரித்து முதல் மாதிரியைத் தைத்தார்கள். பிறகு அமெரிக்க விண்வெளிக்காரர்கள், ஆகாயத்திலிருந்து திரும்பும் கூண்டை இதைக் கட்டி இறக்கலாமா என்று பார்த்துவிட்டு, பாராசூட்டே போதும் என்று கைவிட்டார்கள். அவர்கள் கைவிட்டதைக் குன்றுகளின்மேல் ஓடித்திரிந்த வாலிபர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதற்கும் முன்னால், ஜெர்மனியில் ஓட்டோ லிலியென்தால் இரண்டாயிரம் தடவைக்குமேல் இப்படிக் குன்றிலிருந்து ஓடிப் பறந்து, 1896-ல் விழுந்து இறந்துபோனார். பிரேஸில்காரர்களிடம் இந்தப் பெயர்களைச் சொன்னால் மரியாதைக்குத் தலையசைத்துவிட்டு, ஸாந்தோஸ் துமோன் என்பார்கள். 1906-ல் பாரிஸில், ஜனங்கள் பார்த்திருக்கத் தரையிலிருந்து தானே எழும்பிப் பறந்த அவர்தான் விமானத்தின் பிதா என்பது அந்தத் தேசத்தில் விவாதத்துக்கு இடமில்லாத சங்கதி. அவர் ஒரு காப்பித் தோட்டக்காரரின் மகன் என்பதில் எனக்கும் ஓர் அற்பப் பெருமை உண்டு.

ஒரு மணி நேரம் சென்றிருக்கும். கழுகுகள், ‘ஊருபூ’ என்று அங்கே சொல்லும் கறுத்த பிணந்தின்னிகள், சிறகடிக்காமலே வட்டமிட்டு மேலேறத் தொடங்கின. பைலட் அவற்றைப் பார்த்துத் திருப்தியுடன் தலையாட்டினார்; காற்று எங்கே மேலே போகிறதென்று அவருக்குச் சொல்லுகிறவை அவைதாமாம். எனக்கோ, அந்தப் பட்சிகளின் வழக்கமான ஆகாரம் எது என்கிற நினைவுதான் வந்தது. இனித் தாமதிப்பதற்கில்லை என்று எழுந்தேன். அவர் முன்னால் போய் நின்று, என் மார்பைத் தொட்டுக் காட்டி, ஒரு கையில் ஐந்து விரலும் மறு கையில் இரண்டு விரலுமாக ஏழு காட்டினேன். பிறகு நாலு காட்டினேன். அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து, கொட்டகையில் எழுதிய காகிதத்தை எடுத்து விரித்தார். அந்த அம்மாள் எழுதிய 68 அடிக்கப்பட்டு, பக்கத்தில் வேறொரு பேனாவால் 75 என்று எழுதியிருந்தது. என் வயிற்றை இரண்டு விரலால் தட்டிவிட்டு, மலையெல்லாம் எதிரொலிக்கச் சிரித்தார். முதல் நாளே என்னைக் கண்ணால் நிறுத்து, அதற்கேற்ற சிறகைத்தான் காரில் கட்டி எடுத்துவந்திருக்கிறார். நிறுப்பதில் முப்பது வருஷம் பழகிய எனக்கு, அதற்குமேல் அவரிடம் எந்த யோக்கியதாபத்திரமும் தேவைப்படவில்லை.

தோளிலும் தொடையிலும் வார்களைப் பூட்டி, தலையில் கவசத்தை மாட்டி, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றால் பிடரியோடு கட்டினார். பிறகு என் காலைப் பார்த்து, “ஸபாத்து! ஸபாத்து!” என்றார். குனிந்து பார்த்தேன், ஒரு சப்பாத்தின் கயிறு அவிழ்ந்திருந்தது. என் பாட்டி சொன்ன சொல். அவள் போனபிறகு அதை நான் ஒருவர் வாயிலும் கேட்டதில்லை. கயிற்றை இரட்டை முடிச்சாகப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. பயம் என்று இளைஞர் நினைத்திருப்பார்.

சமதரையில் மூன்று முறை ஒத்திகை நடந்தது. என் வலக்கை அவர் தோள் வாரைப் பற்றியிருக்க வேண்டும், இடக்கை எதையும் தொடக்கூடாது, பார்வை அடிவானத்தில், அவர் சொன்னதும் ஓட வேண்டும், நிற்கக்கூடாது, குதிக்கவும் கூடாது. இதில் கடைசி இரண்டைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ‘ஓடு’ என்பதற்கு அவர்கள் எழுதுவது ‘கோர்ரே’. ரியோக்காரர் நாக்கில் அது ‘கோஹி’ என்று மூச்சாக வருகிறது. பிறகு எங்களைச் சிறகில் கொக்கியால் மாட்டினார்கள்; கொக்கி தாங்குகிறதா என்று பார்க்க, ஒருவர் முன்னால் பிடித்துக்கொள்ள, இருவரும் குப்புறப் படுத்தவாறு தொங்கிக் காட்டினோம். தொட்டிலில் கிடப்பதுபோல இருந்தது. பலகையில் வந்து நின்றோம். காற்றுப்பை எங்களைப் பார்த்து நிமிர்ந்து நின்றது.

“கோஹி!”

முதல் எட்டை எடுத்து வைத்தது நான்தான். அதற்கு நான் பொறுப்பு. இரண்டாவது எட்டில் பலகை ‘தடதட’வென்று அதிர்ந்தது. மூன்றாவது எட்டில் என் தேகத்திலுள்ள ஒவ்வோர் எலும்பும் நின்றுவிடு என்றது. விளிம்பைக் கண்டு நிற்பது ஐம்பத்தாறு வருஷத்துப் பழக்கம். புத்திசாலித்தனம் என்று நாம் பெயரிட்டிருப்பதில் பெரும்பாகம் அதுதானே? ஆனால் அங்கே நின்றால்தான் அபாயம். ஓடும்போது சிறகு காற்றை வாங்கித் தானே தன் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும்; நின்றுவிட்டால் அது வெறும் குழாயும் துணியுமாகி இருவரையும் பாறையில் போட்டுவிடும். என் மனத்தில் தைரியம் இருந்ததென்று சொன்னால் அது இரண்டாவது பொய்யாகும். அவர் தோளுடன் கட்டுண்டிருந்த கால்கள் அவர் கால்களைப் பார்த்து ஓடின, அவ்வளவுதான். நாலாவது எட்டு பலகையில் பட்டது. ஐந்தாவது எட்டு எதன்மேலும் படவில்லை. ஆறும் ஏழும் எட்டுங்கூட நான் எடுத்துவைத்தேன். பைலட் சிரித்துக்கொண்டே என் முழங்காலைத் தட்டி, போதும் என்று ஜாடை காட்டிய பிறகுதான் ஓட்டத்தை நிறுத்தினேன்.

விழுகிற உணர்ச்சி இல்லவே இல்லை. வயிறு மேலே ஏறவில்லை, தலை சுற்றவில்லை. ஏற்காட்டுப் பாறையில் உட்கார்ந்து நான் எண்ணியது அப்படியே நடந்தது: காற்று கெட்டியாக இருந்தது. படகின் அடியில் தண்ணீர் இருப்பதுபோல அது எங்கள் அடியில் இருந்தது. கம்பிகள் மெல்லிய சுருதியில் பாடின. வலப்பக்கத்தில் பெத்ரா தா காவியா, எண்ணூறு மீட்டருக்குமேல் செங்குத்தாக நிற்கும் ஒற்றைப் பாறை, மனித முகம் ஒன்றைப் பாதியில் செதுக்கி விட்டாற்போல, எங்களைக் கடந்து மெதுவாகத் திரும்பிற்று. கீழே காட்டின் கரும்பச்சையில் ஆங்காங்கே வெள்ளி பூசினாற்போலச் சில மரங்கள் பளபளத்தன. மலைச்சரிவை உரசி மேலெழும் காற்றில் பைலட் ஒரு வட்டம் போட, நாங்கள் புறப்பட்ட மேடை எங்களுக்குக் கீழே தெரிந்தது. அதில் ஒரு புள்ளி கைகளை வீசிக்கொண்டிருந்தது. அம்மாவிடம் சொல்ல நல்ல பதில் கிடைத்துவிட்ட சந்தோஷம்.

இடப்பக்கம் திரும்பியபோதுதான் ஹொசீஞா என்னும் ஏழைக் குடியிருப்பு முழுவதும் கண்ணில் பட்டது. ‘சிறு பண்ணை’ என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். இப்போது பண்ணையுமில்லை, சிறியதுமில்லை. மலைச்சரிவு முழுவதும், பூசாத செங்கல் வீடுகள், ஒன்றின் கூரை மற்றொன்றின் முற்றமாக, மேலே மேலே ஏறிப்போயிருக்கின்றன. ஒவ்வொரு மொட்டைமாடியிலும் நீலத் தண்ணீர்த் தொட்டி. அதற்குக் கூப்பிடு தூரத்தில், மாளிகைகளின் தோட்டங்களில், அதே நீலத்தில் நீச்சல் குளங்கள். தரையில் போகும்போது மதில்களும் வாயில் காவலர்களும் மறைத்துவிடுகிற இந்தச் சமீபத்தை, ஆகாயம் கொஞ்சங்கூட மறைக்கவில்லை. இன்னொன்றும் கவனித்தேன்: உயரத்துக்கு ஓசை வருவது ஹொசீஞாவிலிருந்துதான். சேவல் கூவிற்று, யாரோ ஆணி அடித்தார்கள், ஒரு ரேடியோ பாடிற்று, நாய் ஒன்று எங்களையே பார்த்துக் குரைத்ததென்று நினைக்கிறேன். மாளிகைகள் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

பிறகு கடல். அலைக்கு வெளியே போய் ஒரு திருப்பம். நிழல் ஒன்று, மீன்போல, தண்ணீரின்மேல் எங்களுக்கு முன்னால் நீந்திற்று. அது எங்களுடைய நிழல் என்று புரிந்துகொள்ளச் சிறிது நேரம் ஆயிற்று. மொத்தம் பன்னிரண்டு நிமிஷந்தான் ஆகாயத்தில் இருந்தோமென்று பின்னால் சொன்னார்கள். மணல் பெரிதாகிக்கொண்டு வந்தது. கால்களை விடுவித்துத் தொங்கவிடச் சொன்னார். கடைசி நொடியில் சட்டத்தை வேகமாக மேலே தள்ள, சிறகு மூக்கை நிமிர்த்தி, காற்றில் ஒரு கணம் தயங்கி நின்றது. “கோஹி!” என்றார் மறுபடியும். இந்தத் தடவை என் கால்கள் தரையை எதிர்பார்த்து மடிந்துவிட்டன. முழங்காலில் விழுந்து, ஒரு கவளம் மணலை அட்லாண்டிக் பிரசாதமாக வாயில் வாங்கிக்கொண்டேன். அவர் என்னைத் தூக்கி நிறுத்தித் தழுவிக்கொண்டார். முந்தின நாள் அந்த நரைத்த மனிதர் ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லாமற்போயிற்று.

சப்பாத்தைக் கழற்றி மணலை உதறிக்கொண்டு கொட்டகைக்கு வந்தேன். அடுத்தபடியாகப் போக வேண்டிய ஆங்கிலேயப் பெண் ஒருத்தி, இருபத்தைந்து வயதிருக்கும், கையில் அதே காகிதத்துடன் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் மேலிருந்து வந்தவன் என்று அறிந்ததும் ஓடிவந்து, பயமாக இருந்ததா, எதைக் கவனித்துக்கொள்ள வேண்டும், ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டாள். சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது.

“உண்மையான எடையைச் சொல்லிவிட்டாயா, அம்மா?” என்றேன்.

அவள் முகம் சிவந்தது. ஒன்றும் பேசாமல், காகிதத்தை எடுத்துக்கொண்டு, மேஜைக்காரியிடம் திரும்பிப் போனாள்.